மடங்காத கைகள்

விடிவதற்குச் சற்று முன்னால், தேய்த்து அடுக்கிய பனியன்களுக்கு நடுவே இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை நுழைத்துக்கொண்டு நின்றாள் சித்ராதேவி.

இப்போதுதான் மேஜையிலிருந்து இறங்கிய பனியன்கள். துணிக்குள் சூடு இன்னும் உயிரோடு இருந்தது. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் அயர்ன் செக்ஷனில் இருட்டோடு வேலை தொடங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே மார்கழிப் பனி. உள்ளே நீராவி டியூப்லைட்டுகளைச் சுற்றித் தொங்கியது. அயர்ன் மாஸ்டர் மணியன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, புதிய அடுக்கு ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"அது ஆறிப்போயிருக்கும். இதுல வைம்மா."

"போதும்ணே. சூப்பர்வைசர் வந்துருவாரு."

"வந்தா என்னங்கறேன்? அடுக்கு நேரா இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லிப்போடு. விரலு அசையுதா?"

அசைந்தது. முதலில் இடது கைச் சுண்டுவிரல், பிறகு மோதிர விரல். துருவேறிய கீல் திறப்பதுபோல ஒவ்வொன்றாக, வலியோடு. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து அவள் கைகளைக் கழற்றிக்கொண்டு, மரக்கைகளைத் தைத்துவிட்டுப் போகிறார்கள். தினமும் காலையில் அந்த மரக்கைகளோடுதான் அவள் எழுந்திருக்கிறாள். ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாது. சாயப்பட்டறைக்குக் கிளம்பும் புருஷன் மூக்கையாதான் மாட்டிவிடுகிறான். எத்தனை கழுவினாலும் நீலம் போகாத விரல்கள் அவனுக்கு.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு நேரம் ஒம் பின்னாடி நிக்கலடி," என்று இன்றைக்கும் சொன்னான்.

முன்பெல்லாம் அவள் சிரிப்பாள். இப்போது சிரிப்பு வருவதில்லை. அவன் முதுகுப் பக்கம் நின்றதால் அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

செக்கிங் ஹாலில் நீளமான மேஜை. இரண்டு பக்கமும் பெண்கள். தைத்து வரும் பனியனைப் புரட்டி, ஓரங்களில் தொங்கும் நூல் பிசிறை ட்ரிம்மரால் வெட்டி, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்த்து அனுப்ப வேண்டும். ட்ரிம்மர் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வெட்டி. அழுத்தினால் டிக். விட்டால் திறந்துகொள்ளும். ஹால் முழுக்க நாளெல்லாம் அந்தச் சத்தம்தான்.

சித்ராதேவியின் இடம் மேஜையின் கடைசி. அங்கே கிடக்கும் மர ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க, அந்தக் காலில் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டியவள் தெய்வாத்தாள். சேவூர்க்காரி. விரல்களெல்லாம் காற்றடித்த நாற்றுப்போல ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன பிறகு கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. வீட்டுக்குப் போனவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுத்த தை மாதம் பிறக்கும்போது அவள் உயிரோடு இல்லை.

அப்புறம் அந்த ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து புதிதாக வந்து சேர்ந்த சித்ராதேவிக்கு இந்தக் கதை தெரியாது. காலியாகக் கிடந்ததே என்று இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கியபோதுதான் ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேஜையின் மேல்பக்கத்துக்கு நகர்ந்தார்கள். தெய்வாத்தாளின் நாத்தனார் வேலாத்தாள் அதே ஹாலில்தான் வேலை செய்தாள். அவள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்புவதில்லை. நிர்மலா ஒருத்திதான் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வரும் வாயாடி.

"சிக்கன்குனியா மிச்சம்," என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள் சித்ராதேவி. ஊரையே அந்தக் காய்ச்சல் முடக்கிப்போட்டிருந்ததால் நம்பினார்கள். அவளும் நம்பினாள். காய்ச்சல் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருஷமான பிறகும் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, அது இல்லை என்றார். "இது முடக்குவாதம்மா. உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. மருந்து இருக்கு. பலன் தெரிய நாளாகும், விடாம சாப்பிடணும்." மாத்திரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு ஏனோ அவள் முகத்தைப் பார்த்தார். "தூக்கம் வருதா? காரணமில்லாம அழுகை வருதா? இதையெல்லாம் யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

கையைப் பற்றிக் கேட்டால் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. இதற்குப் பதில் தயாராக இல்லை. படுத்தால் தலையணைக்குள் ஒரு ட்ரிம்மர் டிக் டிக்கென்று வெட்டுகிறது, அது செத்துப்போன ஒருத்தியுடையது என்று எந்த டாக்டரிடம் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். மாத்திரை அட்டை அரிசி டப்பாவுக்குள் போயிற்று. ராத்திரியில் கண்ணை மூடினால் தெய்வாத்தாள் வந்தாள். எதுவும் பேசமாட்டாள். என் இடத்தை எடுத்துக்கொண்டாய் அல்லவா, என் கையையும் வைத்துக்கொள் என்பதுபோல் கையை மட்டும் நீட்டுவாள்.

மணியனின் அடுக்கில் கையைச் சூடேற்றிக்கொண்டதற்கு மறுநாள், விடியுமுன் இருட்டிலேயே கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் நினைத்தபோது வந்து நினைத்தபோது போனது. கம்பெனி ஜெனரேட்டர் தையல் லைனையும் விளக்கையும் மட்டுமே தாங்கும். அயர்ன் பெட்டிகள் குளிர்ந்து கிடந்தன. மணியன் நேற்றைய அடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லாட்டம் கெடக்குதும்மா."

மரக்கைகளோடு ஹாலுக்குப் போனாள். ட்ரிம்மரை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அழுத்துவதற்குள் துணி நழுவியது. நூலை வெட்டப் போய் துணியைக் கடித்தது. அவளுக்கு அது தெரியவில்லை. தெரிந்தது சூப்பர்வைசர் சசிகுமாருக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தோள் தையலுக்குக் கீழே, கடுகு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அடுத்ததில் இன்னொன்று.

முதலாளி குமாரவேல் வந்தார். யாரையும் ஒருமையில் கூப்பிட்டு அறியாதவர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

"யாருங்க இதைப் பாத்தது?"

"நாந்தேன் சார்."

"கையைக் காட்டுங்கம்மா. ம். மடக்குங்க."

ஹால் முழுக்க ட்ரிம்மர்கள் நின்றன. அவள் மடக்கிப் பார்த்தாள். விரல்கள் பாதி வழி போய் நின்றுகொண்டன. நெற்றியில் வேர்த்தது.

"இது என்னங்க?"

"சிக்கன்குனியாவாமுங்க," என்றான் சசிகுமார். "ஊர்ல கொசுவே செத்துப்போச்சுங்க. இதுக்கு இன்னும் தீரலீங்க."

யாரோ சிரித்தார்கள். நிர்மலா எழுந்தாள். "கரண்ட் இல்லீங்க, குளிருங்க. எல்லாருக்கும்தானுங்க கை மரத்துக் கெடக்குது."

"அப்படீங்களா. உங்க கை மடங்குதுங்களா, நிர்மலா?"

கேட்ட வேகத்தில் அவள் மடக்கிக் காட்டிவிட்டாள்.

"மடங்குதுங்களே. அப்பறம் என்னங்க." குமாரவேல் ஹாலைப் பார்த்துப் பேசினார். "நான் யாரையும் வேண்டாம்னு சொல்லலீங்க. அமெரிக்காவுல கடையெல்லாம் மூடிட்டு இருக்கறானுங்க. வர்ற ஆர்டரே அறுந்து அறுந்து வருது. சரக்கு வாங்கற பையர் இந்த ஓட்டையப் பாத்தான்னா நாம எல்லாரும் வேற சோலி பாக்க வேண்டியதுதான். அதனால நாளையிலிருந்து கேட்டுலயே எல்லாரும் ஒரு தரம் கையை மடக்கி விரிச்சுக் காட்டிட்டு உள்ள வந்துடுங்க. மடங்காதவங்க ஊட்டுல இருந்து உடம்பப் பாத்துக்குங்க. உடம்புதானுங்க முக்கியம்."

போகிற போக்கில் குட்டைக்கால் ஸ்டூல் அவர் கண்ணில் பட்டது. "இது எதுக்குங்க சசி? தூக்கி வெளிய போடுங்க."

ஸ்டூலைச் சசிகுமார் கேட்டுக்கு வெளியே வீசினான். பின்னாலேயே சித்ராதேவியும் வெளியே வந்தாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஓர் அறைதான். பாய்க்கும் சுவருக்கும் நடுவே கை அகல இடம்கூட இல்லை. படுத்தாள். சுவரில் சுண்ணாம்பு பொரிந்து, ஏதோ தேசத்துப் படம் மாதிரி ஒரு திட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே குழாயடியில் சண்டை நடந்தது, ஓய்ந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள், போனார்கள். டிக். டிக். டிக். இன்றைக்குப் பகலிலேயே கேட்டது. திரும்பிப் படுக்கலாம் என்று தோன்றியது. எதற்கு என்றும் தோன்றியது. திரும்பினால் அடுப்பு இருக்கும். அடுப்பைப் பற்றவைக்கக் கை வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. தெய்வாத்தாளும் இப்படித்தானே படுத்திருந்தாள்.

சாயங்காலம் மூக்கையா வந்து விளக்கைப் போட்டான். "ஏ புள்ள. சாப்பிட்டியா?" என்றான். தோளைத் தொட்டான். அவள் அசையவில்லை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயம் ஏறிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். நிர்மலா வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளைப் பார்த்து மூக்கையா எழுந்து நின்றான். வேலாத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு கண்ணு," என்றாள் வேலாத்தாள்.

சித்ராதேவி சுவரின் சுண்ணாம்புத் திட்டையே பார்த்தாள்.

"எங்க அண்ணம் பொண்டாட்டி இப்படித்தான் படுத்துக் கெடந்தா. பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்க ஆள் கூட்டியாந்தோம். கம்பெனிலிருந்து ஒரு ஆளு வந்து, என்ன தெய்வான்னு கேட்டிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாளோ என்னமோ. திரும்பு."

சித்ராதேவி திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அவுக எடத்துல உக்காந்தேன்க்கா. அதேன் எனக்கு வந்துருச்சு."

"ஸ்டூலுக்கு ஏது வெசம்? நான் ஒருநாளும் அதுல உக்கார்ல. இங்க பாரு." வேலாத்தாள் வலது கையை நீட்டினாள். கட்டை விரல் அடியில் எலும்பு புடைத்திருந்தது. "இது உன்ர நோவு இல்ல. ட்ரிம்மர அமுக்கி அமுக்கித் தேஞ்சது. பாதிதான் மடங்கும். நாளைக்குக் கேட்டுல நானும் நிக்கோணும்."

"மணியண்ணன் கை சூடுபட்டு சூடுபட்டுத் தோலு இறுகிப்போச்சு. அதுவும் முழுசா மடங்காது," என்றாள் நிர்மலா. "கட்டிங்ல அர்த்தநாரிக்கு வெரலே ஒண்ணு கொறையுது. இன்னைக்குக் கையைக் கேக்கறாரு. நாளைக்குக் கண்ணக் கேப்பாரு, அப்பறம் இடுப்பக் கேப்பாரு. நானும் கூறுகெட்டவளாட்டம் உடனே மடக்கிக் காட்டிப்போட்டேன்."

சித்ராதேவி எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள்.

"அவுக ட்ரிம்மர் சத்தம் கேக்குதுக்கா. படுத்தா தலைக்குள்ள வெட்டுது. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு யார்ட்டயும் சொல்லல. இவருகிட்டகூடச் சொல்லல."

வேலாத்தாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்குங் கேக்குது," என்றாள். "நாளெல்லாம் கேட்ட சத்தம் படுத்தா மட்டும் எங்க போவும்?"

"எனக்குப் பஸ்ஸுல கண்ண மூடினா பனியன் பீஸ் பீஸா வந்து மேல விழுகும்," என்றாள் நிர்மலா.

மூக்கையா தலையைச் சொறிந்தான். "எனக்குக் கனவுல பட்டறை வாஷிங் மிஷின் ஓடும். எந்திரிச்சு வால்வை மூடப் போவேன். இருட்டுல ரெண்டு தரம் செவத்துல இடிச்சிருக்கேன்." பெண்டாட்டியைப் பார்த்தான். "அப்ப இந்தப் பனியன் தொழிலுக்கே பேய் புடிச்சிருக்கு. நீ என்னமோ ஒனக்கு மட்டும்னு இருந்திருக்கியே புள்ள."

அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அரிசி டப்பாவைக் காட்டினாள். மூக்கையா கையைவிட்டுத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தான். அவள் டாக்டரம்மா சொன்னதை முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்த அறை கொஞ்சம் பெரிதானது போலிருந்தது.

"நாளைக்கு நான் மடக்க மாட்டேன்," என்றாள் நிர்மலா திடீரென்று.

"நீ ஒருத்தி மடக்காட்டி உன்னய மட்டும் அனுப்புவாங்க," என்றாள் வேலாத்தாள்.

"அதனாலதான் உங்களக் கேக்கறனுங்க."

வேலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எந்திரி கண்ணு. மொகத்தக் கழுவு. நம்ம ஹாலு குழந்தையம்மா ஊட்டுலிருந்து சொல்ல ஆரம்பிக்கலாம். அவளுக்குச் சொன்னாப் போதும், தெருவுக்கே சொன்ன மாதிரி."

மறுநாள் காலையில் கம்பெனி கேட்டை மூடியும் மூடாமலும் பனி நின்றது. சசிகுமார் கேட்டுக்கு நடுவே நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஷிப்மெண்ட்டுக்கு வந்த கண்டெய்னர் லாரி உறுமியது.

முதலில் வேலாத்தாள் போனாள். கையை நீட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன.

"மடக்குங்க."

"மடங்கலீங்க தம்பி."

அடுத்தவள் குழந்தையம்மாள். நீட்டினாள். விரித்த கை. அதற்கடுத்து நிர்மலா. பின்னால் வந்த ஒவ்வொருத்தியும் பிச்சை கேட்காத, அடிக்கவும் போகாத ஒரு வெறுங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். அயர்ன் செக்ஷனிலிருந்து மணியன் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் தேய்ப்பவர்கள். கட்டிங்கிலிருந்து அர்த்தநாரி வந்து விரல் குறைந்த கையை நீட்டினார்.

"இது பொறந்ததிலிருந்தாங்க?" என்றான் சசிகுமார், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"இல்ல தம்பி. உங்க மிஷின்ல போச்சு. நீதான் வண்டி புடிச்சுட்டு வந்தே."

சசிகுமார் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

வீசப்பட்ட ஸ்டூல் கேட்டுக்குப் பக்கத்தில் பனியில் நனைந்து கிடந்தது. வேலாத்தாள் அதைப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். போய் எடுத்தாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். குட்டைக்காலில் சுற்றியிருந்த துணியை ஒருமுறை தடவினாள். நடு வழியில் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க வா," என்று சித்ராதேவியைக் கூப்பிட்டாள். "கையைக் குடு."

மரக்கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்து மூடினாள். இன்னொன்றை நிர்மலா வாங்கிக்கொண்டு வாயால் ஊதினாள். "மணியண்ணன் அடுக்கு அளவுக்குச் சூடு வராதுக்கா. இருக்கறதுதான்." பெண்கள் சிரித்தார்கள். ஹாலில் அவளைவிட்டு நகர்ந்து உட்கார்ந்த அதே பெண்கள். குழந்தையம்மாள் தன் கையையும் மேலே வைத்தாள்.

குமாரவேலின் கார் வந்து நின்றபோது வெயில் லாரியின் நெற்றியில் விழுந்திருந்தது.

"என்னங்க இது?"

"கை மடங்கலீங்க மொதலாளி," என்றாள் வேலாத்தாள், எழுந்திருக்காமல்.

"எல்லாத்துக்குமுங்களா?"

"எல்லாத்துக்குமுங்க."

"நேத்து மடங்குச்சே, நிர்மலா?"

"நேத்து நீங்க கேட்டதும் மடங்கிப்போச்சுங்க. அதுக்கு இன்னும் வெக்கமா இருக்குதுங்க."

"சரிங்க. என்ன வேணும், சொல்லுங்க."

"இந்தக் கை காட்டற சோலி வேண்டாமுங்க. காலைல விரல் இறுகிக் கெடக்கறவங்களுக்குக் கொஞ்ச நேரம் பீஸ் அடுக்கற வேலை குடுங்க. இளகினதும் ட்ரிம்மர் எடுத்துக்கறோம். எல்லாத்துக்கும் ஈ.எஸ்.ஐ. கார்டு போடுங்க. வைத்தியத்துக்குப் போற நாளு வேலை போயிரும்னு பயப்படாம போகோணும்."

"நான் நடத்தறது கம்பெனிங்களா, ஆஸ்பத்திரிங்களா?"

மணியன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைக்குச் சேந்து உள்ள போகையில நல்லாத்தானுங்க இருந்துச்சு."

குமாரவேல் லாரியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சித்ராதேவியிடம் வந்தார். குரல் தணிந்தது.

"அம்மா, உங்களாலதானுங்க இத்தனை பேரும் ரோட்டுல நிக்கறாங்க. நேத்து ஏதோ கோவத்துல பேசிப்போட்டேன். ஒரே ஒரு தரம் மடக்கிக் காட்டுங்க. உங்களை உள்ள எடுத்துக்கறேன். இவங்களும் பின்னாலயே வந்துடுவாங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாமுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

வேலாத்தாளின் கைகளுக்குள் இருந்த அவளுடைய வலது கை அப்போது இளகியிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கணுக்களுக்குள் வழக்கமாக வெயில் ஏறிய பிறகு வரும் அந்தத் தளர்வு இன்று முன்னதாகவே வந்திருந்தது. இப்போது மடக்கினால் மடங்கும். மடக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். மேஜைக் கடைசியில் அவள் இடம் இருக்கும். நாளைக்கு விடியும்போது மறுபடி மரக்கை. மறுபடி இதே கேட்.

கையை உருவிக்கொண்டாள். நீட்டினாள். கேட் நெடுக நீண்டிருந்த கைகள் அவள் கண்ணில் பட்டன. தோல் இறுகியது, எலும்பு புடைத்தது, விரல் குறைந்தது. வரிசை முடியும் இடத்தில், பனி இன்னும் கலையாத மூலையில், விரல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்த ஒரு கையும் நீண்டிருப்பதுபோல் தெரிந்தது. அவள் பயப்படவில்லை. இத்தனை நாளும் அந்தக் கை எதையும் கொடுக்க வரவில்லை, பிடித்துக்கொள்ள ஆள் தேடித்தான் நீண்டது என்று பட்டது.

"இப்ப மடங்கும் சார்," என்றாள் சித்ராதேவி. "மடக்க மாட்டேன்."

குமாரவேல் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். காரில் ஏறாமல் நடந்தே உள்ளே போனார். கேட் இழுத்துச் சாத்தப்பட்டது. சங்கிலி விழுந்தது. லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். சட்டென்று வந்த அமைதியில் அவள் காது கொடுத்துக் கேட்டாள். ட்ரிம்மர் சத்தம் எங்கும் இல்லை. இன்றைக்கு ராத்திரி வரலாம். வந்தால் மூக்கையாவை எழுப்பிச் சொல்லலாம்.

பக்கத்துக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் நடையை மெதுவாக்கி, என்ன ஏது என்று கேட்டார்கள். நிர்மலா சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பேர் போகாமல் நின்றுவிட்டார்கள்.

வேலாத்தாள் ஸ்டூலில் ஓரமாக நகர்ந்தாள்.

"நின்னு கால் கடுக்கும். உக்காரு கண்ணு, ரெண்டு பேருக்கு எடமிருக்குது."

சித்ராதேவி உட்கார்ந்தாள். குட்டைக்கால் ஒருமுறை ஆடியது. தெய்வாத்தாள் கட்டிய துணி மண்ணில் அழுந்த, ஸ்டூல் நிலைத்து நின்றது.